தேய்ப்பதற்கு முன் படியுங்கள்

2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள். பொழுது இன்னும் புலரவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பௌலிங் கிரீன் என்னும் ஊரில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் அபாய மணி ஒலித்தது. ஆட்கள் வந்து பார்த்தார்கள். திருடன் யாரும் இல்லை. ஆனால் காட்சிக்கூடத்தின் நடுவே தரையைக் காணோம்! சுமார் 40 அடி அகலமும் 30 அடி ஆழமும் உள்ள ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. காட்சிக்கு வைத்திருந்த 8 கார்கள் அதற்குள் விழுந்து கிடந்தன.

அந்த வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்குகிறது. அது நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்து அரித்துக் குகைகளை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட குகை ஒன்றின் கூரைதான் அன்று இடிந்தது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை.

பள்ளம் எப்படி வந்தது என்பது நிலவியல் பாடம். நான் உங்களோடு பேச விரும்புவது அதற்குப் பிறகு எழுந்த கேள்வியைப் பற்றி. விழுந்த கார்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்தி, பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, புது வர்ணம் பூசிப் பளபளவென்று நிறுத்துவதா? அல்லது அடிபட்டபடியே விட்டுவைப்பதா?

என் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். "புதுசாக்கிட வேண்டியதுதான் சார்!" என்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கார்களைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் முதலில் அப்படித்தான் எண்ணியது. எட்டையும் புதுப்பித்துத் தருவதாக முன்வந்தது. ஆனால் கடைசியில் நடந்தது வேறு. மூன்று கார்கள் மட்டுமே புதுப்பிக்கப்பட்டன. மற்ற ஐந்தும் நசுங்கிய கோலத்திலேயே, மண் கீறிய வர்ணத்தோடு, காட்சிக்கு வைக்கப்பட்டன.

இந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. அது மட்டுமல்ல, பழைய பொருள் எதன் மீதும் உப்புத்தாளை வைக்கும் முன் ஒவ்வொருவரும் யோசிக்கவேண்டிய ஒரு விதி இதில் இருக்கிறது என்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்.

ஒரு மயிரிழைத் தடிப்பு

கார்வெட் என்பது செவ்ரலே நிறுவனம் 1953-இல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டும் அமரக்கூடிய, தாழ்வான, வேகமான வண்டி. முதல் ஆண்டில் செய்யப்பட்டவை 300 கார்கள்தாம். அத்தனையும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. இதன் உடற்பகுதி இரும்புத் தகட்டால் ஆனதல்ல. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஃபைபர் கிளாசால் ஆனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு காரின் மேல் இருக்கும் வர்ணம் எவ்வளவு தடிப்பு இருக்கும்? தொழிற்சாலையில் பூசிய எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் காரைப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது உண்மையில் பார்ப்பது இந்த மயிரிழைத் தடிப்பைத்தான்.

இந்தத் தடிப்புக்குள் அடுக்குகள் உண்டு. அடியில் பிரைமர், அதன் மேல் நிறப்பூச்சு. பிற்காலத்தில் யாராவது மறுபடி வர்ணம் அடித்திருந்தால் அதன் மேல் இன்னொரு பிரைமர், இன்னொரு நிறம். நுண்ணிய தாளை நீரில் நனைத்து, ஓர் இடத்தில் மட்டும் மெல்ல மெல்லச் சரிவாகத் தேய்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்களைப் பார்க்கிறீர்களே, அதைப் போல. எத்தனை முறை வர்ணம் மாறியது, முதலில் என்ன நிறம், எந்த இடத்தில் அடிபட்டுப் பட்டி பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்த வளையங்களில் இருக்கிறது. அருங்காட்சியக நிபுணர்கள் குண்டூசித் தலையளவு துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் குறுக்குவெட்டைப் பார்த்தே இதைப் படித்துவிடுகிறார்கள்.

அடுக்கின் தன்மையும் ஒரு சான்று. லாக்கர் என்னும் வர்ணம் காய்வது வெறும் ஆவியாதலால். தின்னர் பறந்துபோக, கரைந்திருந்த பொருள் படலமாகத் தங்கிவிடுகிறது. உப்புநீர் வற்றினால் உப்பு மிஞ்சுகிறது அல்லவா? மறுபடி நீர் விட்டால் கரைந்துவிடும். அதுபோல் லாக்கர் படலமும் தின்னர் பட்டால் கரையும். எனாமல் போன்ற வர்ணங்கள் அப்படியல்ல. அவை வேதி வினையால் இறுகுகின்றன. வேகவைத்த முட்டை பழையபடி ஆகாதது போல இவை எளிதில் கரையா. ஆகவே பஞ்சில் ஒரு சொட்டுத் தின்னர் கூட வர்ணத்தின் வகையைக் காட்டிக்கொடுக்கும்.

லாக்கர் வந்த கதை சுவையானது. 1920-களின் தொடக்கம் வரை ஒரு காருக்கு வர்ணமும் வார்னிஷும் பூசிக் காயவைத்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். டூபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவாக்கி 1923-இல் வெளியிட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அதை மணிக் கணக்கிற்குக் குறைத்தது. அதன் வணிகப் பெயர் டியூக்கோ. நம் ஊரிலும் ஸ்பிரே கன்னால் தெளித்து வர்ணம் அடிப்பதை 'டூக்கோ அடிப்பது' என்று சொல்லும் வழக்கம் உண்டு. பின்னர் நைட்ரோசெல்லுலோசின் இடத்தை அக்ரிலிக் லாக்கர் பிடித்தது. பள்ளத்தில் விழுந்த கார்களுள் மிகப் பழையதான 1962-ஆம் ஆண்டுக் கறுப்புக் கார்வெட், அந்த அக்ரிலிக் லாக்கர் காலத்தைச் சேர்ந்தது.

சேதமின்றிப் படிக்க இயலும்

'படிக்க வேண்டுமானால் தேய்த்துத்தானே ஆகவேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது.

இரும்புத் தகட்டின் மேலுள்ள வர்ணத்தின் தடிப்பை அறிய ஒரு காந்தம் போதும். வர்ணம் தடிப்பாக இருந்தால் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடைவெளி அதிகம், கவர்ச்சி குறைவு. அந்த விசையை அளந்தே தடிப்பைச் சொல்லிவிடலாம். அலுமினியத் தகடானால் காந்தம் ஒட்டாது. அதற்கு மாறுமின்னோட்டம் பாயும் ஒரு சிறு கம்பிச்சுருளை அருகே கொண்டு செல்வார்கள். அலுமினியத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். அவற்றின் எதிர்விளைவு இடைவெளியைப் பொறுத்து மாறும்.

கார்வெட்டின் ஃபைபர் கிளாசில்? காந்தத்துக்கும் அது மசியாது, மின்சாரத்தையும் கடத்தாது. இரண்டு கருவிகளும் இங்கே பயனற்றவை. என்ன செய்வது? மீயொலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கலாம். வர்ணத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 2,000 மீட்டர் என்று கொள்வோம். 100 மைக்ரான் தடிப்பைக் கடந்து, அடியில் பட்டுத் திரும்ப 200 மைக்ரான் பயணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் வரும். அவ்வளவு சிறிய நேரத்தையும் இன்றைய கருவிகள் அளந்துவிடுகின்றன. கிணற்றடியில் நின்று கூவி எதிரொலியைக் கேட்பதும் இதுவும் ஒரே தத்துவம்தான்.

நிறத்தையும் அளக்கவேண்டும், கண்ணை நம்பக்கூடாது. ஜவுளிக்கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் புடைவைக்கும் ரவிக்கைத் துணிக்கும் நிறம் பொருந்துகிறதென்று வாங்கி வருவார்கள். வீட்டு வாசலில் வெயிலில் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். ஏன்? ஒரு பொருளின் நிறம் அந்தப் பொருளில் மட்டும் இல்லை. அதன் மேல் விழும் ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் உள்ளன, அவற்றில் எவ்வளவு அது எதிரொளிக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் இன்னோர் ஒளியில் ஒத்துப்போகவேண்டியதில்லை. ஆகவே ஒவ்வோர் அலைநீளத்திலும் எத்தனை சதவீதம் எதிரொளிக்கிறது என்பதைக் கருவியால் அளந்து, அந்த வரைபடத்தோடு புது வர்ணத்தை ஒப்பிடவேண்டும்.

எந்த இடத்தில் அளப்பது என்பதும் முக்கியம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக் கணக்கில் வர்ணத்தின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. மேற்பரப்பு வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டுகிறது. ஆகவே காரின் மேல்மூடியில் அளந்தால் கிடைப்பது முதுமையின் நிறம். பளபளக்கும் அலங்காரப் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் வெயிலே படாத இடத்தைப் பார்த்தால்தான் பிறந்த நாளின் நிறம் ஓரளவு கிடைக்கும். அந்த விரல் அகலக் கீற்றையும் தேய்த்துவிட்டால்? பிறகு அந்தக் காரின் சொந்த நிறத்தை அந்தக் காரிடமே கேட்க வழியில்லை.

நான் செய்த தவறு

இதை நான் கற்றுக்கொண்டது காரிலிருந்து அல்ல, ஒரு நிறமாலைமானியிலிருந்து.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒரு பழைய நிறமாலைமானி இருந்தது. வார்ப்பிரும்பு அடிப்பாகம், கறுப்பு வர்ணம் ஆங்காங்கே உதிர்ந்து துரு தலைகாட்டியது. இளமை ஆர்வத்தில் ஒரு விடுமுறையில் அதைத் தேய்த்து, கறுப்பு எனாமல் பூசி, பளபளவென்று வைத்தேன். நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக அங்கே பணியாற்றிவந்த ஆய்வுக்கூட உதவியாளர் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அடியில வெள்ளை எழுத்துல எழுதியிருந்ததே, அது எங்கே?" என்றார்.

அடிப்பாகத்தின் ஓரத்தில், இரண்டாவது வெர்னியரின் பிழை எத்தனை நிமிடம், எந்த ஆண்டு அளந்தது என்று முன்பிருந்த ஆசிரியர் ஒருவர் சிறிய எழுத்தில் குறித்துவைத்திருந்தாராம். அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துவிட்டேன்.

'அதனாலென்ன, பிழையை மறுபடி அளந்துகொள்ளலாமே!' என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அளக்கவும் செய்தேன். ஆனால் நான் அளந்தது அன்றைய பிழையை. பல ஆண்டுகளுக்கு முன் அது எவ்வளவு இருந்தது, அந்தக் கருவி இத்தனை காலத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பதை இனி உலகத்தில் எவராலும் அளக்க முடியாது. இயற்பியலில் மீளா மாற்றம் என்று படிக்கிறீர்களே, அது இதுதான். பூசிய வர்ணத்தை மறுபடி அகற்றலாம். அகற்றிய எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பத்து லட்சமாவது கார்

இப்போது பள்ளத்துக்குத் திரும்புவோம். விழுந்த எட்டில் ஒன்று, பத்து லட்சமாவது கார்வெட். 1992-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் பௌலிங் கிரீன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1953-இன் முதல் கார்களின் நினைவாக அதற்கும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கற்பாளங்களும் மண்ணும் மேலே விழுந்து அது மோசமாக நசுங்கியிருந்தது.

புதுப்பிப்பதற்காக மிச்சிகன் மாநிலத்தில் வாரன் நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்துக்கு அதைக் கொண்டு சென்றார்கள். பாகம் பாகமாகக் கழற்றியபோது ஒன்று தெரிந்தது. வெளியே தெரியாத உட்பாகங்களில் கையெழுத்துகள்! 1992-இல் அந்தக் காரைச் செய்த தொழிலாளர்கள், ஆளுக்கோர் இடத்தில் தங்கள் பெயரை எழுதிவைத்திருந்தார்கள்.

அந்த இடத்தில் வேகமும் சிக்கனமுமே முக்கியம் என்று நினைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நசுங்கிய பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப்பாகத்தைப் பொருத்துவது எளிது. கார் ஒரு குறையும் இல்லாமல் பளபளத்திருக்கும். அதைச் செய்தவர்களின் பெயர்கள் மட்டும் போயிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கையெழுத்துள்ள பாகங்களை இயன்றவரை செப்பனிட்டு அதே காரில் பொருத்தினார்கள். காப்பாற்ற இயலாதவற்றிலிருந்த கையெழுத்துகளைப் பிரதியெடுத்துப் புதுப்பாகத்தில் பதித்தார்கள். சில வெளிப்பாகங்களை மட்டும் அதே காலத்துக் கார்வெட் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான் வெள்ளை வர்ணம் பூசினார்கள். நான்கு மாதங்களில் 1,200 மணிக்கும் மேற்பட்ட மனித உழைப்பு. 2015 செப்டம்பரில் கார் மீண்டும் அருங்காட்சியகத்தில் நின்றது.

முதலில் படித்தார்கள். பிறகு காத்தார்கள். கடைசியாகப் பூசினார்கள். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. ஒன்று மட்டும் சொல்வேன்: பிரதியெடுத்த கையெழுத்து பிரதிதான். அதைப் பிரதி என்று சொல்லிவைப்பது நேர்மை. இங்கே அது மறைக்கப்படவில்லை.

அதே பள்ளத்தில் இன்னொரு வெள்ளைக் காரும் விழுந்தது. 2009-இல் செய்யப்பட்ட பதினைந்து லட்சமாவது கார்வெட். அதைப் புதுப்பிக்கவில்லை. நசுங்கிய ஐந்தில் அதுவும் ஒன்றாக நின்றது. ஒரு வெள்ளைக் காருக்குப் புது வர்ணம். இன்னொரு வெள்ளைக் காருக்குக் கீறலே வர்ணம். இது முரண்பாடா? இல்லை என்பேன். முதல் காரின் செய்தி, அதைச் செய்த கைகள். நசுங்கிய ஐந்தின் செய்தி, 2014 பிப்ரவரி 12. அந்த மிதமிஞ்சிய சேதத்தைச் செப்பனிட ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றவேண்டியிருந்திருக்கும். மாற்றியபின் நிற்பது விழுந்த கார் அல்ல. அதன் எண்ணைத் தாங்கிய வேறு கார். நிலம் சரிந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் படமும் அந்த நசுங்கிய கூடுகளைப் போலச் சொல்லாது. விபத்துக்குப் பிறகு அங்கே மக்கள் கூட்டம் குறையாமல் பெருகியதற்கும் இதுவே காரணம்.

மறுபக்கத்து வாதங்கள்

என் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றை மறைப்பது சரியல்ல.

'கார் ஓடுவதற்காகச் செய்தது. அழுக்கோடும் கீறலோடும் நிறுத்திவைப்பதா அதற்கு மரியாதை?' என்பது ஒன்று. இதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் 1962-ஆம் ஆண்டுக் கறுப்புக் காரைப் புதுப்பித்ததை நான் வரவேற்கிறேன். அந்த ஆண்டு 14,531 கார்வெட்டுகள் செய்யப்பட்டன. அவற்றின் அமைப்பையும் பூச்சையும் பற்றிய சான்று மற்றக் கார்களில் கிடைக்கும். விழுந்ததில் அதற்குப் பட்ட அடியும் நசுங்கிய ஐந்தைவிடக் குறைவு. 2018 பிப்ரவரியில், விபத்தின் நான்காம் ஆண்டு நாளையொட்டி, அது புதுப்பொலிவுடன் காட்சிக்கு வந்தது.

'வர்ணம் வெறும் அழகல்ல, பாதுகாப்பு' என்பது இன்னொன்று. இதுவும் உண்மை. இரும்புத் தகட்டில் வர்ணம் உதிர்ந்தால் ஈரமும் காற்றும் சேர்ந்து துருவாக்கிவிடும். பழைய வர்ணத்தைக் காக்கிறேன் என்று காரையே இழப்பது மடமை. ஆனால் ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது. அங்கே இந்த வாதத்துக்கு வலு குறைவு. பொருளுக்குப் பொருள் யோசிக்கவேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இதற்கு நேர்மாறான ஒரு தவறையும் சொல்லவேண்டும். அளவுக்கு மீறிய பளபளப்பு! பளபளப்பு எப்படி வருகிறது? மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒழுங்கான எதிரொளிப்பு நிகழ்கிறது. கண்ணாடிபோல் முகம் தெரிகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மேடுபள்ளம் அதற்கு ஒத்த அளவுக்கு வளர்ந்தால் ஒளி சிதறி மங்கலாகிறது. இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற ஒரு தெளிந்த பூச்சும் அடிக்கிறார்கள். மிக வழவழப்பான அந்தப் பரப்பு ஆழமான மினுமினுப்பைத் தருகிறது. 1962-இல் தொழிற்சாலையில் அடித்த லாக்கரின் மேல் அப்படி ஒரு பூச்சு கிடையாது. ஆகவே பழைய காருக்கு இந்தக் கால முறையில் வர்ணம் அடித்தால், அது பிறந்த அன்று இருந்ததைவிட அதிகமாக மின்னும். பார்ப்பவர் 'அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்' என்று நம்பிவிடுவார். இது பொய்ச்சாட்சி. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய கார்வெட் மீட்பாளர் சங்கத்தின் நடுவர்கள், தொழிற்சாலைத் தரத்துக்கு மீறிய பளபளப்புக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

ஒன்றே ஒன்று அல்லது ஒருசிலதான் உள்ளது என்றால்? அங்கே கைவைக்கவே தயங்கவேண்டும். ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே என்ற பந்தயக் கார் மொத்தம் ஆறுதான் செய்யப்பட்டது. அவற்றில் முதலாவது, 1964-இல் உருவான சி.எஸ்.எக்ஸ். 2287. பள்ளம் விழுந்த அதே 2014-இல், ஜனவரி மாதம், அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலில் இடம்பெற்ற கார் அதுதான். பிலடெல்பியாவில் உள்ள சிமியோன் அருங்காட்சியகம் அதைப் புதுப்பிக்காமல், பட்ட தழும்புகளோடு காத்துவந்தது. அதை அளந்து, வரைந்து, படமெடுத்து, அந்த ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்தார்கள். பூசுவதற்கு மாறாகப் பதிவு செய்தார்கள்.

மூன்று கேள்விகள்

ஆகவே என் விதியை மூன்று கேள்விகளாகச் சொல்கிறேன்.

முதலாவது: இந்தப் பரப்பு எதையாவது சொல்கிறதா? எழுத்து, அடுக்கு, அடிபட்ட தழும்பு, வெயில் படாத கீற்று, எல்லாம் செய்திதான்.

இரண்டாவது: அதே செய்தி வேறெங்காவது கிடைக்குமா? பதினான்காயிரத்தில் ஒன்றுக்கும் ஆறில் ஒன்றுக்கும் விடை வேறு.

மூன்றாவது: அழிக்கத்தான் வேண்டுமென்றால், அழிக்கும் முன் அளந்து, படமெடுத்து, எழுதிவைத்தேனா? பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட டூரின் சாசனமும் ஒவ்வொரு படியையும் பதிவு செய்யவேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

மூன்றுக்கும் விடை சொன்னபிறகு தாராளமாகப் பூசுங்கள். வர்ணம் பூசுவது குற்றமல்ல. படிக்காமல் தேய்ப்பதுதான் குற்றம்.

உங்களிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்காது. ஆனால் வீட்டுப் பரணில் தாத்தாவின் சைக்கிளோ டிரங்குப் பெட்டியோ இருக்கலாம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அதற்கும் ஒரு பூச்சு அடித்துவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அப்போது ஒரு நிமிடம் தடுத்து நிறுத்துங்கள். திருப்பிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் ஒரு பெயர் இருக்கலாம்; ஓர் ஊர் இருக்கலாம். படமெடுத்து, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூசத்தான் வேண்டுமானால், உள்ளங்கை அளவு இடத்தைப் பூசாமல் விடச் சொல்லுங்கள். பின்னால் வருபவர் படிப்பதற்கு அது போதும். ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்த்த தூளைச் சுவாசிப்பது ஆபத்து. ஆகவே நீங்களாக உப்புத்தாளை எடுக்கவேண்டாம். பார்ப்பதும் பதிவதும் உங்கள் வேலை.

என் நிறமாலைமானி இன்றும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதன் அடிப்பாகத்தில் இப்போது வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் உண்டு. முதல் வரியில் நான் அளந்த வெர்னியர் பிழையும் ஆண்டும். இரண்டாவது வரி இது: 'இங்கே முன்பு வேறோர் அளவு எழுதியிருந்தது. அதைத் தேய்த்தவன் நான்.' அதன் கீழே என் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்.